கொள்ளையர் துறை

இந்துமாக் கடலின் மேற்குப் பகுதியில் மடகாஸ்கர் என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் வடகிழக்குக் கரைக்கு அண்மையில், ஒடுங்கிய கடற்கால்வாய் ஒன்றற்கு அப்பால், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது ஒரு சிறு தீவு. அதன் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அகலமோ எவ்விடத்தும் 10 கிலோமீட்டரை எட்டுவதில்லை. ஐரோப்பியர் அதனைச் சேன்ட் மேரித் தீவு என்றனர். அந்நாட்டு மக்கள் நோசி பொராகா என்பர். ‘நோசி’ என்னும் சொல்லுக்கு அவர்கள் மொழியில் தீவு என்பது பொருள். ‘பொராகா’ என்பது ஆபிரகாம் என்னும் பெயரின் திரிபு என்று கூறுவாரும் உளர்.

தீவின் கரை நெடுகிலும் வெண்மணல் பரந்துள்ளது. மணலை அடுத்துத் தென்னை. தென்னையை அடுத்துக் கிராம்புத் தோப்புகள். பறித்த கிராம்பு மொட்டுகளைப் பாய்களில் பரப்பி வெயிலில் உலர்த்துவார்கள்; அக்காலத்தில் ஊரெங்கும் அதன் மணம் கமழும். கரைக்குச் சற்று அப்பால் பவளப்பாறைகள் அலைகளைத் தடுத்து நிறுத்துகின்றன. பாறைக்கு வெளியே கடல் கொந்தளிக்கும்போதும் உள்ளே குளம்போல் அமைதி நிலவும். அந்நீரில் ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணிகளில் மீனவர் சென்று வருவர். தென்முனையில் நோசி நாட்டோ என்னும் குட்டித் தீவு ஒன்று உண்டு. தோணியில் ஏறினால் சில நிமிடங்களில் அதனை அடைந்துவிடலாம். அங்கே மோட்டார் வண்டிகள் இல்லை. நடந்தே சுற்றிவர வேண்டும். இத்தகைய இடத்தைக் காண அயல்நாட்டினர் வந்து குவிவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் வருவோரிற் பலர் மணலையும் தென்னையையும் மட்டும் நாடி வருவதில்லை. ‘கடற்கொள்ளையர் தீவு’ என்னும் பெயரும் அவர்களை ஈர்க்கிறது. ஒற்றைக் கண்ணை மறைத்த தலைவன், தோளில் கிளி, மண்டையோட்டுக் கொடி, மண்ணில் புதைத்த பொற்காசுப் பெட்டி ஆகிய இவையெல்லாம் கதைப் புத்தகங்களும் திரைப்படங்களும் ஊட்டிய கனவுகள். அக்கனவுகளோடு கரையிறங்கும் விருந்தினர்க்கு, உண்மையில் அங்கு நிகழ்ந்தது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது பெரும்பிழையாகும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு கொள்ளைக் கப்பல்கள் இந்துமாக் கடலுக்கு வந்தன. அவர்கள் குறிவைத்தவை, சூரத்துக்கும் செங்கடல் துறைமுகங்களுக்கும் இடையே சென்றுவந்த இந்தியக் கப்பல்கள். துணியும் நறுமணப் பொருளும் ஏற்றிச் சென்று, பொன்னும் வெள்ளியும் கொண்டு திரும்பிய கப்பல்கள் அவை. மக்காவுக்குச் சென்று மீண்ட பயணிகளும் அவற்றில் இருந்தனர். கொள்ளைக்குப் பின் தங்கி இளைப்பாறவும், கப்பலைக் கரையில் சாய்த்து அதன் அடியைச் சுரண்டிப் பழுதுபார்க்கவும் கொள்ளையர்க்கு ஓர் இடம் தேவைப்பட்டது. சேன்ட் மேரியின் குடா குறுகிய வாயில் உடையது. உள்ளே காற்றுக்கு மறைவு. நன்னீருக்கும் பழத்துக்கும் குறைவில்லை. எதிர்க்கரையில் மாடுகள் ஏராளம். அரசர்களின் போர்க்கப்பல்கள் அவ்வழியே வருவது அரிது. கொள்ளையர்க்கு இதனினும் சிறந்த இடம் வாய்த்திருக்க முடியாது.

அங்கே ஆடம் பால்ட்ரிட்ஜ் என்பவன் 1690களின் தொடக்கத்தில் ஒரு வாணிகக் களத்தை நிறுவினான். அவன் வாளேந்திய வீரன் அல்லன், கடைக்காரன். நியூயார்க்கு நகரத்துப் பெருவணிகர் ஒருவர் அவனுக்குச் சரக்கு அனுப்பினார். பின்னர் 1699ஆம் ஆண்டு பால்ட்ரிட்ஜ் அதிகாரிகள் முன்னிலையில் அளித்த வாக்குமூலம் இன்றும் உள்ளது. கொள்ளையரைப் பற்றிய நூறு கதைகளைப் படிப்பதைவிட அந்த வாக்குமூலத்தின் ஒரு பகுதியைப் படிப்பது மேல் எனலாம். 1693இல் வந்த ஒரு கப்பலில் இறங்கிய சரக்குகளை அவன் வரிசையாகச் சொல்கிறான். 44 இணை காலணிகள், 12 தொப்பிகள், சாராயம் 5 பீப்பாய், வெடிமருந்து 3 பீப்பாய், தச்சுக் கருவிகள், தோட்ட விதைகள், குழந்தைகள் எழுத்துப் படிக்கும் அரிச்சுவடிகள், விவிலிய நூல் இரண்டு. இவற்றுக்கு ஈடாக அவன் அனுப்பியவை யாவை? வெள்ளிக் காசுகள் 1,100, இரும்புப் பாளங்கள் 57, மாடுகள் 15, அடிமைகள் 34.

மாடுகளும் மனிதரும் இரும்பும் ஒரே கணக்கில் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த 34 பேரில் ஆடவர் எத்தனை பேர், பெண்டிர் எத்தனை பேர், யாருடைய பிள்ளைகள் என்னும் செய்தி அதில் இல்லை. அவர்களுக்குப் பெயரும் இல்லை. அரிச்சுவடியும் விவிலியமும் வந்திறங்கிய அதே துறையில் அவர்கள் கப்பலேற்றப்பட்டனர்.

கொள்ளையரைப் போற்றுவோர் ஒன்று கூறுவர். கொள்ளைக் கப்பலில் தலைவனைக் கூட்டாளிகளே தேர்ந்தெடுத்தனர்; கொள்ளைப் பொருளை முறையாகப் பங்கிட்டனர்; கை கால் இழந்தவனுக்கு இழப்பீடு அளித்தனர்; அரசனின் கப்பலில் சவுக்கடி பட்ட ஏழை மாலுமிக்கு அது விடுதலையாகத் தோன்றியது என்பர். இது முற்றிலும் பொய் அன்று. அக்காலத்து மாலுமிகளின் வாழ்வு கொடியதே. ஆயினும் அந்தச் சமத்துவம் கப்பலின் விளிம்போடு முடிந்துவிட்டது என்பதை மறத்தல் ஆகாது. பங்கீட்டில் நேர்மை இருந்ததென்றால், பங்கிடப்பட்ட பொருள் யாருடையது? அந்தக் கேள்வியைக் கேட்டால் கதையின் மினுக்கு மங்கிவிடும்.

தீவு மக்கள் அக்கேள்வியைக் கேட்டனர். அதுவும் வாயால் அன்று. 1697ஆம் ஆண்டு அவர்கள் எழுந்து களத்தைத் தாக்கினர். கொள்ளையர் பலர் மாண்டனர். பால்ட்ரிட்ஜ் அப்போது கடலில் இருந்ததால் தப்பினான். அவன் அம்மக்களை ஏமாற்றிக் கப்பலில் ஏற்றி அயல் தீவில் விற்றதே கிளர்ச்சிக்குக் காரணம் என்று பிற்காலத்தில் கூறியவர் வேறு யாரும் அல்லர். அத்துறைக்கு வந்து சென்ற வில்லியம் கிட் என்பவரே.

கிட்டின் வரலாறு விந்தையானது. கொள்ளையரைப் பிடிப்பதற்கென்றே ஆங்கில அரசரின் ஆணை பெற்றுப் புறப்பட்டவர் அவர். போனவர் தாமே கொள்ளையராகிவிட்டார். 1698 சனவரியில் கொச்சிக்கு அப்பாற்பட்ட கடலில் ‘குவேதா மெர்ச்சன்ட்’ என்னும் கப்பலைப் பிடித்தார். அது வங்கத்தினின்று சூரத்துக்குச் சென்றுகொண்டிருந்தது. அதில் இருந்தவை பட்டு, மசுலின், சருக்கரை, அபினி, இரும்பு, வெடியுப்பு முதலியன. கதைகளில் வரும் பொற்பெட்டியைத் தேடுவோர் இதைக் கருதிப் பார்க்க வேண்டும். இந்திய நெசவாளியின் தறியில் பல திங்கள் உழைப்பில் உருவான துணியே அந்தப் ‘புதையல்’. கப்பல் சேன்ட் மேரிக்குக் கொண்டுவரப்பட்டது. கிட்டின் சொந்தக் கப்பல் ஓட்டை விழுந்து அங்கேயே கைவிடப்பட்டது. அவருடைய ஆட்களுள் பெரும்பாலோர் வேறொரு கொள்ளைத் தலைவனிடம் சேர்ந்துவிட்டனர். 1701 மே 23ஆம் நாள் இலண்டனில், தேம்சு ஆற்றங்கரையில், கிட் தூக்கிலிடப்பட்டார். அவருடைய விசாரணை நேரிய முறையில் நடந்தது என்று சொல்வதற்கில்லை. அவருக்குத் துணை செய்திருக்கக்கூடிய தாள்கள் வழக்குமன்றத்துக்கு வரவே இல்லை. இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே அவை வெளிப்பட்டன. ஆயினும் சூரத்து வணிகரின் சரக்கு மீண்டதா என்று கவலைப்பட்டவர் மிகச் சிலரே.

இத்தகைய கொள்ளைகளால் துன்புற்றவர்கள் கப்பலில் இருந்தோர் மட்டும் அல்லர். 1695இல் முகலாயப் பேரரசர் ஒளரங்கசீப்பின் ‘கஞ்சு-இ-சவாய்’ என்னும் கப்பல், பயணிகளோடு திரும்பும்போது ஆங்கிலக் கொள்ளையரிடம் சிக்கியது. கப்பலில் இருந்தோர் பெருங்கொடுமைக்கு ஆளாயினர். செய்தி எட்டியதும் சூரத்தில் சினம் மூண்டது; அங்கிருந்த ஆங்கில வணிகர் சிறையில் அடைக்கப்பட்டனர். எங்கோ தொலைவில் உள்ள ஒரு தீவின் கதை என்று இந்திய மாணவர் இதனை ஒதுக்கிவிட இயலாது. அக்கதையில் பொருளை இழந்தவர் பக்கம் இருப்பவர்கள் அவர்களுடைய முன்னோர்களே.

இன்று சேன்ட் மேரியின் தலைமை ஊராகிய அம்போடிஃபொடாட்ராவுக்கு அருகே, குடாவை நோக்கிய ஒரு மேட்டில், கொள்ளையர் கல்லறைத் தோட்டம் என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். கடல் வற்றும் வேளையில் சேற்றையும் ஓடையையும் கடந்து அங்குச் செல்ல வேண்டும். தென்னை நிழலில், புல் மூடிய, கருத்த கற்கள் சாய்ந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் செதுக்கப்பட்டுள்ளன. பயணிகள் யாவரும் நிழற்படம் எடுப்பது அதனைத்தான். ஆனால் அக்கல்லில் உள்ள ஆண்டு 1834! கொள்ளையர் காலம் முடிந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னர் இறந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் கல்லறை அது. மண்டையோட்டுச் சின்னம், ‘எல்லோர்க்கும் இறப்பு உண்டு’ என்பதை நினைவூட்டும் பொருட்டு ஐரோப்பியக் கல்லறைகளில் பொறிக்கப்பட்டு வந்த பழைய வழக்கம். பாவம், அம்மனிதர் தம்மைக் கொள்ளைக்காரர் ஆக்கிவிடுவார்கள் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

புதையல் வேட்டையின் கதையும் இதனைப் போன்றதே. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், கிட்டின் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், அதிலிருந்து 50 கிலோ எடையுள்ள வெள்ளிப் பாளத்தை எடுத்ததாகவும் சேன்ட் மேரியில் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடின. சில வாரங்களுக்குள் யுனெஸ்கோ அனுப்பிய வல்லுநர்கள் அதனை ஆய்ந்தனர். பாளத்தில் நூற்றுக்கு 95 பங்கு ஈயம், வெள்ளியே இல்லை. கப்பல் என்று கருதப்பட்டதும் துறைமுகக் கட்டுமானத்தின் உடைந்த பகுதி என்று முடிவு கூறினர். இதற்கு மாறாக, குவேதா மெர்ச்சன்ட் கப்பல் கரீபியக் கடலில், தொமினிக்கன் குடியரசின் கரைக்கு அண்மையில், ஆழங்குறைந்த நீரில் 2007இல் உண்மையாகவே கண்டுபிடிக்கப்பட்டது. அதனை எவரும் பெயர்த்தெடுத்துச் செல்லவில்லை. பீரங்கிகளுள் பெரும்பாலானவையும் நங்கூரங்களும் பவளம் படர்ந்து கிடந்த இடத்திலேயே விடப்பட்டு, அப்பகுதி நீரடி அருங்காட்சியமாகக் காக்கப்படுகிறது.

‘இப்படி ஒவ்வொன்றையும் துருவிக்கொண்டிருந்தால் பயணத்தின் இன்பம் என்னாவது? அத்தீவு மக்கள் ஏழைகள். கொள்ளையர் கதையால் நாலு பேர் வருகிறார்கள். தோணிக்காரனுக்கும் வழிகாட்டிக்கும் சோறு கிடைக்கிறது. அதைக் கெடுப்பானேன்?’ என்று வினவலாம். இவ்வினாவைத் தள்ளிவிட முடியாது. கிராம்பு விலை வீழ்ந்தாலோ, புயல் தோப்பைச் சாய்த்தாலோ அங்குள்ள குடும்பங்களுக்கு விருந்தினரின் பணமே கைகொடுக்கும். புயல் அங்கு அரிதன்று. ஆனால் உண்மையைச் சொன்னால் விருந்தினர் வரமாட்டார் என்று எண்ணுவது அவர்களை மிகவும் தாழ்வாக மதிப்பதாகும். 44 இணை காலணிக்கும் 34 மனிதர்க்கும் ஒரே கணக்கில் இடம் தந்த துறை இது என்று சொன்னால், கேட்பவர் அதனை எளிதில் மறப்பாரா? மண்டையோட்டுக் கதை எந்தத் தீவிலும் சொல்லத்தக்கது. இது சேன்ட் மேரிக்கே உரியது. கொள்ளையரின் வழித்தோன்றலாகிய ரட்சிமிலாகோ என்பவர், பதினெட்டாம் நூற்றாண்டில் எதிர்க்கரை மக்களை ஒன்றுதிரட்டி அரசராகி, அவர்களுக்குப் ‘பிரியாத பலர்’ என்று பொருள்படும் பெட்சிமிசரகா என்னும் பெயர் வழங்கக் காரணமாக இருந்தார். தந்தை ஆங்கிலக் கொள்ளையர். தாய் மலகாசிப் பெண். இது எந்தக் கட்டுக்கதைக்கும் இளைத்ததன்று.

இனி, அங்குச் செல்வோர் காணத்தக்க உயிர்களைப் பற்றியும் கூற வேண்டும். தமிழ் மாணவர் பலர் ‘லெமூரியா’ என்னும் சொல்லைக் கேட்டிருப்பர். மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்னும் மரவிலங்கின் பெயரிலிருந்தே அச்சொல் பிறந்தது. அவ்வினத்தின் புதைபடிவ உறவுகள் இந்தியாவிலும் காணப்படுவதன் காரணம் தேடிய ஆங்கில விலங்கியலார் ஒருவர், 1864இல் இடையே ஒரு நிலம் கடலில் மூழ்கியிருக்கலாம் என்று கருதி அதற்கு இப்பெயர் இட்டார். நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது என்பதை இன்று நிலவியலார் அறிவர். ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாயிருந்து பிரிந்தன.

ஆயினும் சேன்ட் மேரியின் தலைசிறந்த விருந்தினர் லெமூர் அன்று, திமிங்கிலம். சூலை முதல் செப்டம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தென்துருவக் கடலினின்று பல ஆயிரம் கிலோமீட்டர் நீந்தி இக்கடற்கால்வாய்க்கு வருகின்றன. 12 முதல் 15 மீட்டர் நீளமும், 30 டன்னை ஒட்டிய எடையும் உடைய அவ்வுயிர், நீரைக் கிழித்துக்கொண்டு மேலெழுந்து, நீண்ட வெண்சிறகு போன்ற துடுப்புகளை விரித்து, மீண்டும் வீழ்கின்ற காட்சியைக் கரையிலிருந்தே சில வேளைகளில் காணலாம். ஆண் திமிங்கிலங்கள் நீருக்கடியில் பாடும். ஒரு கடற்பகுதியில் உள்ளவை யாவும் ஏறக்குறைய ஒரே பாடலைப் பாடும். அப்பாடல் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக மாறிவரும்.

இவ்வினமும் கொள்ளைக்குத் தப்பவில்லை. இருபதாம் நூற்றாண்டில் தென்கடல்களில் மட்டும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்கள் எண்ணெய்க்காகக் கொல்லப்பட்டன. 1963இல் அவற்றை வேட்டையாடுவது தடுக்கப்பட்டது. அதன் பின்னரும் திருட்டு வேட்டை சிறிது காலம் நடந்தது. இன்று அவை பெருகி வருவது, மனிதர் தம் கையைக் கட்டிக்கொண்டதன் பயன்.

அவற்றைக் காணப் படகில் செல்வோர், படகோட்டியிடம் ‘இன்னும் அருகே, இன்னும் அருகே’ என்று வற்புறுத்துவது வழக்கம். எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதற்கு விதிகள் உண்டு. படகோட்டிகள் பயிற்சியும் பெறுகின்றனர். ஆனால் கூலி கொடுப்பவர் விருந்தினர். அவருடைய முகம் சுருங்கினால் நாளை வேறு படகு தேடுவார் என்னும் அச்சம் படகோட்டிக்கு இருக்கும். ஆகவே விதியைக் காக்கும் பொறுப்பு உண்மையில் படகோட்டியினிடம் இல்லை. பின்னால் அமர்ந்திருப்பவரிடமே உள்ளது. நல்ல விருந்தினர் ‘எந்திரத்தை நிறுத்துங்கள், இங்கிருந்தே பார்க்கலாம்’ என்று தாமே முதலிற் சொல்லிவிடுவார். அதனால் படகோட்டிக்குக் கூலியும் குறையாது, மனமும் கலங்காது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? தாய்த் திமிங்கிலம் இந்த வெதுவெதுப்பான நீருக்கு வருவது கன்று ஈனுவதற்காக. ஏறத்தாழ ஓர் ஆண்டு சுமந்து அது ஈனும் கன்று 4 மீட்டர் நீளம் இருக்கும். எடை ஒரு டன்னை ஒட்டும். ஆனால் அதன் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. இங்குத் தாய்க்கு இரை அநேகமாக இல்லை. தென்கடலில் தின்று சேர்த்த கொழுப்பைக் கரைத்தே பால் சுரக்கிறது. படகு துரத்தினால் தாய் நகரும். கன்று பால் குடிப்பதை விட்டுப் பின்தொடரும். அடிக்கடி மேலே வந்து மூச்சுவிட வேண்டிய அச்சிற்றுயிர் விரைவில் களைத்துவிடும். செப்டம்பர் கழிந்ததும் அது தாயின் பக்கத்தை விடாமல் பனிக்கடலை நோக்கிப் புறப்பட வேண்டும். அந்த முதற் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை இந்தக் கால்வாயில் தங்கும் சில வாரங்களில் அது குடித்துச் சேர்த்துக்கொள்ளத் தொடங்குகிறது.